கரையிலிருந்து கரை வரை: புற்றுநோய் நிதிக்கான சைக்கிள் ரிலேயில் சேருவதற்கு முன்

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை ரிலே முறையில் சைக்கிள் ஓட்டும் குழு ஒன்றில் உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றும், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், வார இறுதியில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டுவதற்கு மேல் பழக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த உடம்பு தாங்குமா, எப்படித் தயாராவது, திரட்டும் பணத்தால் உண்மையில் யாருக்காவது பயன் உண்டா என்பவை உங்கள் கேள்விகள். இத்தகைய பயணங்களில் ஓட்டுபவனாகவும், பின்னர் துணை வண்டியில் அமர்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொள்பவனாகவும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரிலேயில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் தூரமல்ல. ஒரு முறை ஓட்டி இறங்கியதற்கும் அடுத்த முறை ஏறுவதற்கும் இடையே கிடைக்கும் சில மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதுதான். இதைப் புரிந்துகொண்டு தயாராகிறவர்கள் சுமாரான ஓட்டுநர்களாக இருந்தாலும் கடைசிவரை வந்துவிடுகிறார்கள்; வேகத்தை மட்டும் நம்பி வருகிறவர்கள் மூன்றாம் நாளில் திணறுகிறார்கள்.

நீங்கள் சேரவிருப்பது எந்த வகை ரிலே என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வகைகள் உள்ளன, இரண்டுக்குமான தயாரிப்பும் வேறு வேறு. ஒன்று, நாட்டைப் பல கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு தனிக் குழுவிடம் ஒப்படைப்பது. பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் என்னும் மருந்து நிறுவனத்தின் ஊழியர்கள் 2014 முதல் நடத்திவரும் கோஸ்ட் டு கோஸ்ட் ஃபார் கேன்சர் இந்த வகையைச் சேர்ந்தது. ஒரிகனில் பசிபிக் கரையில் உள்ள கேனன் பீச்சில் தொடங்கி, நியூ ஜெர்சியில் அட்லாண்டிக் கரையில் உள்ள லாங் பிரான்ச் வரை செல்லும் அந்தப் பயணத்தில், ஒவ்வொரு குழுவும் தனக்குரிய சில நாட்களைப் பகலில் ஓட்டி முடித்துவிட்டு அடுத்த குழுவிடம் ஒப்படைத்துவிடுகிறது. நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தாலும் இரவில் படுக்கையில் தூங்கலாம். மற்றொன்று, ஒரே குழு கரையிலிருந்து கரை வரை இரவு பகலாக நிற்காமல் செல்வது; ஒருவர் சாலையில் இருக்கும்போது மற்றவர்கள் வண்டியில் இருப்பார்கள். ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா என்னும் நெடும்போட்டியில் ரிலே அணிகள் செல்வது இப்படித்தான். ஏறத்தாழ 4,800 கிலோமீட்டரை அவர்கள் ஒன்பது நாட்களுக்குள் கடந்தாக வேண்டும்.

இந்த இரண்டாம் வகையின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். 4,800 கிலோமீட்டரை எட்டு நாளில் முடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 600 கிலோமீட்டர் நகர வேண்டும். எட்டுப் பேர் கொண்ட அணியில் ஒருவரின் பங்கு 75 கிலோமீட்டர்; நான்கு பேர் மட்டுமே என்றால் 150. எழுபத்தைந்து கிலோமீட்டர் என்பது உங்கள் வார இறுதி ஓட்டத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் அது ஒரே மூச்சில் வருவதில்லை. மாலை ஆறு மணிக்கு ஒரு துண்டு, நள்ளிரவு தாண்டி ஒரு துண்டு, விடியும் நேரத்தில் இன்னொரு துண்டு என்று வரும். ஒவ்வொன்றிலும் விறைத்துப்போன கால்களோடு புதிதாகத் தொடங்க வேண்டும். இப்படி எட்டு நாள். உங்கள் உடம்புக்குப் பழக்கமில்லாதது இந்தத் துண்டுத் துண்டான தன்மைதானே தவிர, தூரமல்ல.

ஆகவே பயிற்சியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். நான்கு மாதம் கிடைத்தால் போதும். முதல் இரண்டு மாதங்களில் வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டி, வாரத் தூரத்தைப் பத்துச் சதவீத அளவில் மெல்ல உயர்த்துங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தைச் சற்றுக் குறைத்து உடம்புக்கு அவகாசம் கொடுங்கள். அதன்பிறகு ஒரே நாளில் இருமுறை ஓட்டத் தொடங்குங்கள். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். நடுவில் வழக்கமான வேலை. மாலை ஓட்டத்தின் முதல் இருபது நிமிடங்கள் காலில் யாரோ மணல் மூட்டை கட்டியதுபோல இருக்கும். அது பயிற்சிக் குறைவின் அடையாளமல்ல, ரிலேயில் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இருக்கும் என்பதை உடம்பு கற்றுக்கொள்கிறது. கடைசி மாதத்தில் குழுவினரோடு சேர்ந்து ஒருமுறையாவது முழு ஒத்திகை பாருங்கள்: மாலை, நள்ளிரவு, விடியற்காலை என மூன்று முறை, வண்டியில் தூங்கி, வண்டியில் சாப்பிட்டு. யார் தூக்கத்தில் எழுப்பினால் எரிந்து விழுவார், யார் சாப்பிட மறப்பார், எந்த விளக்கின் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்காது என்பதெல்லாம் அந்த ஓர் இரவில் தெரிந்துவிடும்.

நாட்டைக் குறுக்கே கடப்பதால் மலையேற்றப் பயிற்சியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அது தேவைதான், ஆனால் காற்றைப் பற்றி யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. கூட்டமாக ஓட்டும்போது முன்னால் செல்பவரின் பின்னால் ஒட்டிச் சென்றால் உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகும். இரவு பகல் ரிலேயில் சாலையில் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார் என்பதால் அந்தச் சலுகை கிடையாது. சமவெளியில் எதிர்க்காற்று வீசினால் முழுவதையும் தனியாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது வேகமானியைப் பார்த்துக்கொண்டு அதைத் தக்கவைக்கப் போராடாமல், மூச்சின் அளவைத் தக்கவைத்துக்கொண்டு வேகம் குறைவதை ஏற்றுக்கொள்ளுங்கள். கட்டம் கட்டமாகச் செல்லும் முதல் வகையாக இருந்தால் இதற்கு நேர்மாறாக, நெருங்கி ஓட்டுவதில் பயிற்சி தேவை. உங்கள் முன்சக்கரம் முன்னால் செல்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்க ஒருபோதும் விடாதீர்கள். அவர் அரை அடி விலகினாலும் விழப்போவது நீங்கள்தான்.

இனி ஓய்வுக்கு வருகிறேன். இரவு பகல் ரிலேயில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக மணிக்கொரு முறை மாறிக்கொண்டே இருப்பது பார்க்க நியாயமாகத் தோன்றும், ஆனால் அதைவிட மோசமான ஏற்பாடு இல்லை, ஏனெனில் யாருக்கும் தொடர்ந்து தூங்க நேரம் கிடைக்காது. அணியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி ஆறு மணி நேரம் சாலையைப் பார்த்துக்கொள்ள, மறுபாதி முன்னால் சென்று தூங்குவதே சரியான முறை. சாலையில் இருக்கும் பாதி தங்களுக்குள் இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். ஆறு மணி நேர ஓய்வில் பயணமும் சாப்பாடும் போக மூன்றரை மணி நேரத் தூக்கம் கிடைத்தால் அது நல்ல நாள். தூங்கி எழுந்தவுடன் கால் மணி முதல் அரை மணி நேரம் வரை மூளை மந்தமாக இருக்கும் என்பதால், எழுப்பிய உடனே யாரையும் சைக்கிளில் ஏற்றக் கூடாது. உடலின் வெப்பநிலை மிகக் குறைந்து தூக்கம் மிக அழுத்தும் பின்னிரவு மூன்று மணி முதல் ஐந்து மணி வரையுள்ள நேரத்தில் இந்த விதி இன்னும் கண்டிப்பானது. துணை வண்டியின் ஓட்டுநருக்கும் இதே விதிதான். தர்மப் பயணங்களில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது சைக்கிள் ஓட்டுபவரின் களைப்பைவிட வண்டி ஓட்டுநரின் களைப்பு. அவரது தூக்க அட்டவணையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஓட்டி முடித்து இறங்கிய முதல் பத்து நிமிடங்களில் செய்ய வேண்டியவற்றை யோசிக்காமல் செய்யும் அளவுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். இருட்டில் ஆள் மாறும் கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஓட்டவிருப்பவர் சாலையோரத்தில் ஒரு காலை ஊன்றி, பின்சிவப்பு விளக்கு எரிய நிற்கிறார். பின்னால் வரும் துணை வண்டியின் வெளிச்சத்தில் உங்கள் நிழல் அவரைத் தாண்டி நீளமாக விழுகிறது. நீங்கள் வந்து நின்று, உங்கள் முன்சக்கரம் அவரது பின்சக்கரத்தின் அருகே வந்த பிறகே அவர் கிளம்புகிறார். பகலில் ஓடிக்கொண்டே மாறும் அணிகள்கூட இரவில் நின்றுதான் மாற வேண்டும். அவர் போனதும் உங்களுக்குத் தோன்றுவது, அப்படியே வண்டியில் சாய்ந்துவிட வேண்டும் என்பது. அங்கேதான் தவறு தொடங்குகிறது. நனைந்த ஷார்ட்ஸை முதலில் கழற்றித் துடைத்து உலர்ந்ததை அணிய வேண்டும், ஏனெனில் ஈரத்துணியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தோல் ஊறி, அடுத்த முறை சீட்டில் உராய்ந்து, மறுநாள் புண்ணாகிவிடும். பின் ஒரு சட்டை கூடுதலாக. வியர்வை அடங்கியதும் குளிர் சட்டென்று பிடிக்கும். பின் பசி இல்லாவிட்டாலும் மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் உள்ள உணவு. இவை முடிந்த பிறகே கண்ணை மூடலாம். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே வேறு உள்ளாடை அணியக் கூடாது என்பதும், உராயும் இடங்களில் அதற்குரிய கிரீமைத் தாராளமாகத் தடவ வேண்டும் என்பதும் சொல்லக் கூச்சப்பட்டு யாரும் சொல்லாமல் விடுகிற செய்திகள். பாதியில் விலகுகிறவர்களில் பலர் விலகுவது இந்தப் புண்ணால்தான்.

ஓட்டும்போது மணிக்கு 60 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். வயிற்றைப் பழக்கியவர்கள் 90 கிராம் வரை தாங்குவார்கள். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் பயணத்தில் சாப்பிடாதீர்கள். வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குழப்பமும் வரும் என்பதால் உப்பும் சேர வேண்டும். இதற்கு மேல் உணவைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை; இணையத்தில் கிடைக்கும் நுணுக்கமான ஆலோசனைகளில் பாதி, ஏதாவதொன்றை விற்பதற்காகச் சொல்லப்படுபவை.

உங்கள் உடம்பு தாங்குமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். முழுப் பதிலை உங்கள் புற்றுநோய் மருத்துவர்தான் தர முடியும், ஆனால் அவரிடம் "சைக்கிள் ஓட்டலாமா" என்று பொதுவாகக் கேட்டால் "ஓட்டலாம், பார்த்து ஓட்டுங்கள்" என்ற பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாக்சோரூபிசின் போன்ற கீமோதெரபி மருந்தோ டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தோ பெற்றிருந்தால் இரண்டும் இதயத் தசையைப் பாதிக்கக்கூடியவை; கடைசியாக எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் எடுத்தது எப்போது, கடும் உழைப்புக்கு முன் மீண்டும் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். பாக்ளிடாக்செல் போன்ற கீமோதெரபி மருந்துகளால் விரல் நுனிகளில் மரமரப்பு மிஞ்சியிருந்தால் அதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். நீண்ட நேரம் ஹேண்டில்பாரில் சாய்ந்திருந்தால் நல்ல கைகளிலேயே மணிக்கட்டு நரம்பு அழுந்திச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். ஏற்கெனவே மரத்த கை, மழையில் இறக்கத்தில் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணராமல் போகலாம். ஹேண்டில்பாரை உயர்த்துவது, தடித்த பட்டை சுற்றுவது, பிரேக் பிடியை விரலுக்கு அருகில் கொண்டுவருவது ஆகியவை எளிய தீர்வுகள். ஹார்மோன் மாத்திரை தொடர்கிறது என்றால் மூட்டு வலியும் எலும்பு அடர்த்தியும் பற்றிப் பேசுங்கள். விழுந்தால் என்னாகும் என்பது அதைப் பொறுத்தது.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றியிருந்தால், நிணநீர் தேங்கி வரும் கை வீக்கத்தைப் பற்றிய பயம் இருக்கும். அந்தக் கைக்கு வேலையே கொடுக்கக் கூடாது என்ற பழைய அறிவுரை இன்றும் வீடுகளில் உலவுகிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பகுதியினரை மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடை தூக்க வைத்தபோது, வீக்கம் மற்றவர்களைவிட அதிகமாகவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது அவர்களிடம் குறைவாகவே இருந்தது. "மேற்பார்வையில்", "சிறிது சிறிதாக" என்பவை அதில் முக்கியமான சொற்கள். வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் இறுக்கமாகப் போடும் அழுத்த உறையை மருத்துவர் சொன்னபடி அணியுங்கள், முழுவிரல் கையுறை போடுங்கள், அந்தக் கையில் சிராய்ப்பு ஏற்பட்டால் உடனே கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அடுத்த ஊரின் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அடுத்த முறைக்கல்ல.

உடற்பயிற்சியைச் சிகிச்சையின் பகுதியாகவே பார்க்கும் காலம் வந்துவிட்டது. 2025இல் வெளியான சேலஞ்ச் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரில், மூன்றாண்டு வழிகாட்டப்பட்ட உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் 90.3 சதவீதம் பேர் எட்டாண்டு முடிவில் உயிருடன் இருந்தனர். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் அது 83.2 சதவீதம். இது வேறொரு புற்றுநோயைப் பற்றியது என்பதையும், அவர்கள் செய்தது முறையான மிதப் பயிற்சி, எட்டு நாள் தூக்கமில்லா ஓட்டமல்ல என்பதையும் மறக்காமல் சொல்கிறேன். நான்கு மாதப் பயிற்சி உங்களுக்கு நல்லது என்று துணிந்து சொல்லலாம். பயணமே உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தப் பயன் பணம் மட்டுமல்ல. 2003 முதல் 2005 வரை அமெரிக்காவைக் குறுக்கே கடந்த டூர் ஆஃப் ஹோப் என்னும் ரிலேயில் நோயிலிருந்து மீண்டவர்களும் மருத்துவர்களும் செவிலியர்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஓட்டினார்கள். புதிய மருந்துகளைச் சோதிக்கும் கிளினிக்கல் ட்ரையல்களைப் பற்றி மக்களிடம் பேசுவது அதன் முக்கிய நோக்கம். அதன் காரணம் எளியது: 1960களில் பத்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிதாயிருந்த லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் இன்று வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்றால், அடுத்தடுத்து நடந்த ட்ரையல்களில் மிகப் பெரும்பாலான குழந்தைகள் சேர்க்கப்பட்டதே அதற்கு முதன்மையான காரணம். பெரியவர்களிலோ பத்தில் ஒருவர்கூட ட்ரையலில் சேருவதில்லை. உங்கள் குழு ஊர் ஊராக நிற்கும்போது, "உங்கள் நோய்க்கு ட்ரையல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டீர்களா" என்று ஒருவரிடம் கேட்பது, அவர் தரும் இருபது டாலரைவிடப் பெரிய வேலையாக இருக்கலாம். அந்தக் கேள்வியை, சிகிச்சை பெற்றவராகிய நீங்கள் கேட்கும்போது அதற்குக் கிடைக்கும் காது வேறு.

டூர் ஆஃப் ஹோப் பயணத்தின் முகமாக விளங்கிய சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2012இல் ஊக்கமருந்து விவகாரத்தில் தம் பட்டங்களை இழந்து, தாம் தொடங்கிய அறக்கட்டளையிலிருந்தும் விலகினார் என்பதை நன்கொடை கேட்கும்போது யாராவது நினைவுபடுத்தக்கூடும். பயணத்தின் மதிப்பை ஒரு மனிதரின் புகழில் மாட்டித் தொங்கவிடாமல், பணம் போகும் நிறுவனத்தின் பெயரையும் அது என்ன செய்கிறது என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, அமைப்பாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: வண்டி, தங்குமிடம், விமானச் சீட்டு, சட்டைகள் ஆகியவற்றின் செலவு எங்கிருந்து வருகிறது? 1980இல் 36 பேரோடு தொடங்கிய மாசசூசெட்ஸின் பான்-மாஸ் சேலஞ்ச் என்னும் சைக்கிள் பயணம், ஓட்டுபவர்கள் திரட்டும் பணம் முழுவதையும் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறது. நடத்தும் செலவு நன்கொடையாளர் தரும் பணத்தில் கைவைக்காமல் விளம்பரதாரர்களாலும் பதிவுக் கட்டணங்களாலும் ஈடுசெய்யப்படுகிறது. உங்கள் ரிலேயும் அப்படியே என்றால் நிம்மதியாகக் கேளுங்கள். நன்கொடையிலிருந்தே செலவும் போகிறது என்றால், "அந்த விமானச் சீட்டுக் காசை நேரே ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கலாமே" என்று கேட்கும் உறவினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்போது உங்கள் செலவை நீங்களே ஏற்றுக்கொள்வது நல்லது. கொடுப்பவரின் நிறுவனம் அதே தொகையைத் தானும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்கத் தவறாதீர்கள். பொதுவாக ஒரு செய்தியை எல்லோருக்கும் அனுப்புவதைவிட, தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதினால்தான் பணம் வரும்.

கடைசியாக ஒன்று. தர்மப் பயணம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது புற்றுநோயால் ஒரு காலை இழந்து, 1980இல் செயற்கைக் காலோடு புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டக் கனடாவை ஓடிக் கடக்கப் புறப்பட்ட டெரி ஃபாக்ஸ் என்னும் இளைஞர். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய அவர், புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால்தான் நின்றார். அந்தச் சித்திரம் மனத்தில் இருப்பதால், தாங்கள் வருந்தினால்தான் கொடுப்பவர் கொடுத்ததற்கு மதிப்பு என்று நினைத்து, காய்ச்சலோடும் புண்ணோடும் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் தனியாக ஓடினார். நீங்கள் சேரப்போவது ரிலேயில். ஒருவர் ஒரு முறையை விட்டுவிட்டாலும் பயணம் நிற்காது என்பதுதான் ரிலேயின் முழு வசதியும். உங்கள் முறையைத் தவிர்க்க உங்களுக்கு உரிமை உண்டா, தவிர்த்தால் யார் எடுப்பார், அந்த முடிவைப் பின்னிரவில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பவற்றைக் கிளம்புவதற்கு முன்பே அணித் தலைவரிடம் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அதற்குத் தயங்கினால், வேறு அணியைத் தேடுங்கள்.